என் மகளின் நேர்காணலில் நான் உட்கார்ந்தது

வேலைக்கான நேர்காணல் என்றால் வேலைக்குப் போகிறவர்தான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். என் மகளின் நேர்காணலில் நானும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது. அதைத்தான் எழுத நினைக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொடைக்கானல் பஜாரில் கம்பளி, ஸ்வெட்டர், குல்லா விற்கிற கடை. அல்லாஹ் கொடுத்தது ஒரே ஒரு பெண் பிள்ளை.

அவள் திண்டுக்கல்லில் தங்கி சைக்காலஜி படித்தாள். மனசைப் பற்றிய படிப்பு என்றார்கள். முடித்ததும் டாக்டர் மாதிரி ஏதாவது ஆவாள் என்று நானும் அவள் அம்மாவும் எண்ணிக்கொண்டிருந்தோம். அவளோ வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்னொன்றைப் படிக்க ஆரம்பித்தாள். அதற்கு யூசர் ரிசர்ச் என்று பெயர். போனில் ஓடுகிற ஆப்களைக் கம்பெனிக்காரர்கள் செய்து விடுகிறார்கள் அல்லவா, அதை வைத்துக்கொண்டு ஜனங்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எந்த இடத்தில் வெறுத்துப்போய்ப் போனைக் கீழே வைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்து, கேட்டு, கம்பெனிக்கு எடுத்துச் சொல்கிற வேலை. இதை எனக்கு விளங்க வைப்பதற்குள் அவளுக்கு ஒரு சாயங்காலம் போய்விட்டது.

பழனியில் பை, பெல்ட் கடை வைத்திருக்கிற என் மச்சினன் வந்திருந்தபோது அவனுக்கும் விளக்கினாள்.

"ரேஷன் கார்டுக்கு வீடு வீடா வந்து கேப்பாங்களேம்மா, அந்தச் சோலியா?" என்றான்.

"இல்ல மாமா. அவங்க கேட்டு எழுதிட்டுப் போயிருவாங்க. நாங்க கேட்டுட்டு, இதை இதைச் சரி பண்ணுங்கன்னு கம்பெனிக்குச் சொல்லுவோம்."

"சொன்னா சரி பண்ணிருவாய்ங்களா?"

"சொல்லுவோம் மாமா. அவ்வளவுதான்."

"அப்ப அதே சோலிதான்" என்று சொல்லிவிட்டு அவன் டீயைக் குடித்தான். என் மனைவி சிரித்துவிட்டாள். மகளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கெங்கோ எழுதிப் போட்டாள். சில கம்பெனிகளில் இருந்து பதிலே இல்லை. சிலவற்றில் ஒரு சுற்றுப் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். கடைசியாக ஒரு கம்பெனியில் சுற்றுச் சுற்றாகத் தேறிக்கொண்டே போனாள். அதைத்தான் அவள் பெரிதாக நம்பியிருந்தாள். நானும் நம்பினேன். என் நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கம்பெனியில் எடுத்தால் வீட்டில் இருந்தபடியே வேலை செய்யலாமாம். பிள்ளை மலையை விட்டு இறங்க வேண்டாம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடையைச் சாத்திவிட்டு வந்தவனிடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தா, ஒரு உதவி வேணும். கம்பெனிக்காரங்க மூணு பேர் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் ஒருத்தரை உக்கார வச்சு, அவங்களோட ஆப்பை அவர் கையில கொடுத்து, கேள்வி கேக்கணும். அதுதான் பரீட்சை. வீட்டு ஆளா இருந்தாலும் பரவாயில்ல, போன் அவ்வளவாப் பழகாத ஆளா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. அம்மா என்னைவிட வேகம். நீங்கதான் சரி."

எனக்குப் போனில் பேசத் தெரியும். பணம் வந்தால் கடையில் பெட்டி சத்தம் போட்டுச் சொல்லிவிடும். அதற்கு மேல் தெரியாது. சரி என்றேன்.

"அரை மணி நேரம் நான் உங்க மக இல்லைன்னு நெனச்சுக்கணும்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! என்ன பேச்சும்மா இது?"

"ஒரு பேச்சுக்குத்தான் அத்தா. நீங்க தடுமாறினாக்கூட நான் உதவி பண்ணக் கூடாது, அது ரூல். மனசுல என்ன ஓடுதோ அதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே செய்யணும். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லிரணும். சொல்லுவீங்கள்ல?"

"சொல்றேன். அத்தா என்ன பொய்யா சொல்லப் போறேன்?"

அடுப்படியில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒங்கத்தா சொல்லுவாக! எங்க கல்யாணத்துல பிரியாணி அடிப்பிடிச்சு ஊரே மூஞ்சியச் சுளிச்சுச்சு. இன்னைய வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்கிறாக."

"உங்க அண்ணன்மார் ஆக்கினது. குறை சொல்லவா?" என்றேன்.

"பாத்தியா" என்றாள் அவள் மகளிடம்.

நேர்காணல் அன்றைக்குக் காலையில் நல்ல மழை. எங்கள் வீடு பஜாருக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் பேசுகிறவர் சொல்வதே கேட்காது. கடையில் இருந்து கனமான கம்பளிகளைத் தூக்கி வந்து, ஜன்னலிலும் கதவிலும் கூரைக்கு அடியிலும் கட்டினோம். அறை இருட்டி, புதுக் கம்பளி வாசனை மூக்கை அடைத்தது. மகள் ஒரு விளக்கைத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியைச் சரி செய்து, பிஸ்மி சொல்லி உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, காதில் கருவி மாட்டிய ஒருவர். மூன்றாமவருக்கு முகமே தெரியவில்லை, ஒரு ஆங்கில எழுத்து மட்டும் வட்டத்துக்குள் இருந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் தமிழ் தெரியும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். "வாங்க, வாங்க" என்றேன். வீட்டுக்குள் வந்தவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

மகள் அவர்களிடம் ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வணக்கம். உங்க நேரத்தை ஒதுக்கி வந்ததுக்கு ரொம்ப நன்றி."

அவள் சுட்டுக் கொடுத்த தோசையைத் தின்றுவிட்டு அடுத்த அறையில் இருந்து வந்தவன் நான். "பரவாயில்லம்மா" என்றேன். அவள் கண் என் மேல் இருந்தது. ஆனால் வேறு யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

கண் டாக்டரைப் பார்க்க அந்த ஆப்பில் ஒரு நேரம் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பெயரை எழுதிவிட்டேன். அடுத்து பிறந்த தேதி கேட்டது. என் தேதி பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்டுக் கொடுத்ததுதான், இருந்தாலும் தெரியும். தொட்டதும் ஒரு காலண்டர் வந்தது. இந்த வருஷம், இந்த மாதம். இடது பக்கம் சின்னதாக ஒரு அம்புக்குறி. அதை அமுக்கினால் ஒரு மாதம் பின்னால் போனது. இன்னொரு தடவை அமுக்கினால் இன்னொரு மாதம்.

நான் பிறந்த மாதத்துக்குப் போக வேண்டும் என்றால் என் ஆயுசு முழுவதையும் மாதம் மாதமாகப் பின்னால் தள்ள வேண்டும். வேறு வழி இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. அமுக்க ஆரம்பித்தேன். விரல் ஒரே மாதிரி அசைந்தால் என் வாய் தானாக அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ரு ஓத ஆரம்பித்துவிடும். தஸ்பீஹ் மணி உருட்டிய பழக்கம். ஒரு அமுக்குக்கு ஒரு சுப்ஹானல்லாஹ். மனசில் இருப்பதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாளே என்று நினைவு வந்து, அதையும் சத்தமாகவே சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஓதலும் மழையும்தான் அந்த அறையில் கேட்டன.

"இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள் மகள்.

"திக்ரு ஓதிக்கிட்டு இருக்கேம்மா."

"இந்த இடத்துல செய்றது எப்படி இருக்கு உங்களுக்கு?"

"நல்லா இருக்கு. போய்க்கிட்டே இருக்கு."

"நீங்க எதிர்பார்த்த மாதிரி இருக்கா?"

"அதைவிட நல்லா இருக்கு."

அமுக்கிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவள் பிறந்த மாதம் அது. அன்றைக்கும் இப்படித்தான் மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டி போகவில்லை. அவள் அம்மாவை ஒரு முட்டைக்கோஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு நான் ஓதிக்கொண்டே போனது ஞாபகம் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இந்த மாசந்தாம்மா நீ..." என்று ஆரம்பித்துவிட்டு, அவள் இப்போது என் மகள் இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினேன். "ஒண்ணுமில்ல. எங்க வீட்டுல ஒரு நல்ல காரியம் நடந்த மாசம்."

அவள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள். நிமிர கொஞ்ச நேரம் ஆனது.

கடைசியில் என் வருஷத்துக்கு வந்து சேர்ந்தேன். தேதியைத் தொடப் போய்ப் பக்கத்துத் தேதியைத் தொட்டுவிட்டேன். திருத்தப் போனால் காலண்டர் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் இந்த வருஷம், இந்த மாதம். கீழே சிவப்பு எழுத்தில், தவறான தகவல் என்று வந்தது.

மகளைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தடுமாறும்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். தெருவில் என் செருப்பு வார் அறுந்தால்கூடத் தன் செருப்பைக் கழற்றித் தருகிற பிள்ளை. ரூல் என்று சொல்லியிருந்தாள். தெரிந்தும் அவள் கை எப்போது நீளும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆச்சு இப்ப?" என்றாள்.

"என் மேலதாம்மா தப்பு."

"ஏன் அப்படி நினைக்கிறீங்க?"

"அவங்க சரியாத்தான் செஞ்சிருப்பாங்க. எனக்குத்தான் விரல் தடிமன்."

அவள் மறுபடியும் வேறு மாதிரி கேட்டாள். இதையே உங்க பக்கத்துக் கடைக்காரர் செஞ்சா என்ன சொல்லுவார் என்றாள். அவரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவார் என்றேன். அவள் கேட்கக் கேட்க, பிள்ளைக்குச் சிக்கலாகிறது என்று எனக்குப் பட்டது. சிக்கலாகிறது என்று பட்டதும் நான் இன்னும் நன்றாகப் புகழ்ந்தேன். எழுத்து அழகாக இருக்கிறது, கலர் கண்ணுக்குக் குளுமை, சிவப்பு எழுத்துகூட எடுப்பாகத் தெரிகிறது என்றெல்லாம் சொன்னேன்.

கண்ணாடி போட்ட அம்மா குறுக்கே வந்தார். "சார், எங்க ஆப்ல எதையாவது மாத்தணும்னா எதை மாத்தலாம்? தாராளமா சொல்லுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

அவர் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. இத்தனை நாள் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்ததை, கொடுக்கக்கூடிய மனிதரே நேரில் வந்து, என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"ஒண்ணும் மாத்த வேணாம்மா. இந்தப் பிள்ளையை மட்டும் வேலைக்கு எடுத்துக்கங்க. ரொம்பப் பாடுபட்டுப் படிச்சிருக்கு."

காதில் கருவி மாட்டியவர் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். அந்த அம்மா சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தார். மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் விரலை மட்டும் பார்த்தேன்.

பேச்சை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று, "எல்லாரும் டீ குடிச்சீங்களா?" என்று வேறு கேட்டேன்.

"கொடைக்கானல் வரும்போது கண்டிப்பா உங்க வீட்டுலதான் சார் டீ" என்றார் அந்த அம்மா.

மகள் எனக்கு மறுபடியும் நன்றி சொன்னாள். நான் எழுந்து, கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே ஆங்கிலத்தில் பேச்சுத் தொடர்ந்தது. அவள் குரல் ஒரு இடத்தில் உயர்ந்தது, ஒரு இடத்தில் விட்டு விட்டு வந்தது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை.

"எப்படிங்க?" என்று மனைவி கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு டீ குடிக்க வர்றோம்னு சொல்லியிருக்காங்க."

சீசனுக்குச் சீசன் எத்தனை பேர் என் கடையில் ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "திரும்பி வரும்போது வாங்கிக்கிறோம் பாய்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்! திரும்பி வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அந்த அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுகிறவரிடமும் சொல்லிவிட்டேன். அவரும் மாஷா அல்லாஹ் என்றார்.

மத்தியானம் ஓய்ந்து படுத்திருந்தபோது அடுப்படியில் மகள் அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது.

"ஒரு குறைகூடச் சொல்லலம்மா. அந்தக் காலண்டரை மாசம் மாசமா அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. அது எவ்வளவு பெரிய கோளாறு. அதைப் பத்தி எப்படிக் கேட்டாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கிறாங்க."

"ஒங்கத்தாவப் பத்தித்தான் தெரியுமே. நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"அவர் வாயால சொன்னதை நான் எடுத்துக்கல, கையால செஞ்சதைத்தான் எடுத்துக்கிட்டேன்னு சொன்னேன்."

"சரியாத்தானேடி சொல்லியிருக்க."

"சரிதான்மா. ஆனா அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துருச்சு. அத்தா என்னை எடுத்துக்கச் சொல்லிக் கேட்டாங்கள்ல, அப்ப இருந்தே குரல் நிக்கல."

நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. அமுக்கும்போது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இல்லை, ஓதிக்கொண்டுதான் இருந்தேன். சிவப்பு எழுத்து வந்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை தன் கையால் எடுத்து நீட்டிய சாமானை, வெளி ஆட்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இது சரியில்லை என்று தகப்பன் எப்படிச் சொல்வது? அந்தச் சாமான் அவர்கள் செய்தது, அவள் செய்தது இல்லை என்பது அறிவுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லை.

பதில் அடுத்த வாரம் வந்தது. கடையில் பெங்களூரில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் குல்லா காட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து ஓரமாக நின்றாள். அவர்கள் போகும்வரை பேசவில்லை.

"அத்தா, வரல."

"என்னம்மா வரல?"

"வேலை."

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க் கடை பாதிதான் தெரிந்தது.

"காரணம் எதுவும் போட்டிருக்காங்களா?"

"இல்லத்தா. எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்னு போட்டிருக்காங்க."

"என்னாலயாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"தெரியலத்தா. உண்மையாவே தெரியல. கேட்டு எழுதியிருக்கேன்."

அந்தக் குடும்பம் கலைத்துப் போட்டிருந்த குல்லாக்களை எடுத்து, அளவு பார்த்து அடுக்க ஆரம்பித்தாள். நான் அவளைத் திட்டச் சொல்லியிருக்கலாம். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கேட்டு எழுதியதற்கும் பதில் வரவில்லை. அந்தக் கண்ணாடி அம்மாவிடம் ஒரு தடவை பேசினால் போதும், தப்பு என் பேரில், பிள்ளை பேரில் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று தவித்தேன். யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனிக்கு வாசல் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

வேலை இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். நீ நாடியதே நல்லது என்று வழக்கமாகச் சொல்கிறவன். அன்று அது வாயில் வந்தது, மனசு கூடவே வரவில்லை. கையை ஏந்தியபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மகள் விடவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு கம்பெனி. அதிலும் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். அதிலும் இதே மாதிரி ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். அவள் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"அத்தா, நீங்க அன்னைக்குக் கடையில இருங்க. கேரட் அக்காவைக் கூப்பிட்டிருக்கேன்."

கேரட் அக்கா என்பது என் கடைக்கு எதிரில் ரோட்டோரம் கேரட், பூண்டு, பேரிக்காய் வைத்து விற்கிற பெண். அவருடைய பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். பூண்டி கிராமத்தில் இருந்து வெள்ளனே வருகிற வண்டியில் சரக்கு எடுத்து வந்து போட்டு உட்கார்ந்தார் என்றால், பஜாரில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. பூண்டை நசுக்கிப் பார்த்த ஒரு கார்க்காரரை, "நசுக்கினா நீயே எடுத்துக்கிட்டுப் போ, நான் என்ன ஒன் வீட்டு அம்மியா?" என்று கேட்டு அனுப்பியவர். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார். மகள் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

"நல்ல ஆளு. கிழிச்சுத் தொங்க விட்டுரும்" என்றேன்.

"அதுதான் அத்தா வேணும்" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அன்றைக்கு நான் கடையை வெள்ளனே திறந்துவிட்டேன். வீட்டுச் சரிவைப் பார்க்கிற மாதிரி ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். எதிரில் சாக்கைப் போட்டு மூடிய கேரட்டுக்கும் நான்தான் காவல். வந்தவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக் காட்டினேன், அளவு மாற்றிக் கொடுத்தேன், ஒருவர் குல்லா கேட்டதற்கு ஸ்வெட்டரை நீட்டினேன். ஓதிக்கொண்டே இருந்தேன். பிள்ளை அங்கே என்ன கேட்கிறாள், அக்கா என்ன சொல்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் செய்ய ஒன்றும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பனிக்குள் இருந்து கேரட் அக்கா இறங்கி வந்தார். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். நடை துள்ளலாக இருந்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன்.

"என்னக்கா, எப்படி?"

"ஐயோ பாய், ஒங்க புள்ள என்னமா கதைக்குது! இங்கிலீசுல தண்ணி மாதிரி ஊத்துது. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அத விடுங்க பாய். அந்த ஆப்பு ஒரு சனியன். எங்க தொட்டாலும் எங்கயோ போகுது. அமுக்குனா வரல, இழுத்தா ஓடுது, எவன் செஞ்சானோ தெரியல. வாய் வரைக்கும் வந்துருச்சு."

"அப்புறம்?"

அக்கா சாக்கை இழுத்துவிட்டு, கேரட்டை நீவி அடுக்கினார். பெருமையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் என்ன? கம்பெனிக்காரன் முன்னாடி நம்ம புள்ளைய விட்டுக் குடுப்பனா? அருமையா இருக்கு, இது மாதிரி நான் பாத்ததே இல்லைன்னு சொல்லிட்டேன். அது என்னென்னமோ திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. நான் ஒரு குறை சொல்லல பாய், ஒண்ணு சொல்லல."

நான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், மொகம் ஒரு மாதிரி இருக்கு? நான் சொன்னதுல ஏதும் தப்பா?"

அவ்வளவு பூ வைத்துக்கொண்டு, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என் பிள்ளைக்காகப் போய் உட்கார்ந்தவர். அவரிடம் என்ன சொல்வது?

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நல்லாச் சொன்னீங்க" என்றேன்.